மொட்டைமாடிக் கணக்கு

அன்புள்ள மதிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் படித்தேன். ஃபோனில் பதில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் தாளில் எழுதுகிறேன், நோட்டில் ஒட்டி வைத்துக்கொள். செல்களை வாங்கி நீயே சோலார் பேனல் செய்வது, அதிலிருந்து வீடு முழுக்கக் கரண்ட், பிறகு பேட்டரி, பிறகு அடுப்பு, வெந்நீர், கடைசியில் 'முடிந்தால் ஏதாவது கூலிங்' என்று எழுதியிருக்கிறாய். இதையே கீழிருந்து மேலாகப் படித்துப் பார். வேலையை அந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்.

ட்ரிபிள்-ஈ படிக்கிற பிள்ளையிடம் கரண்டைக் கடைசியில் வை என்று சொன்னால் கசக்கத்தான் செய்யும். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. நம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு நாளைக்குச் சராசரியாக 5 யூனிட் அளவு வெயில் விழுகிறது. நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக மாற்றும். கண்ணாடிக்குக் கீழே கருப்புப் பெயிண்ட் அடித்த தகடு, பாதிக்குக் குறையாமல் சூடாகப் பிடித்துத் தரும். ஒரு வாளித் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய மூன்றில் ஒரு யூனிட் வேண்டும். 100 வாட் பேனல் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் கிடந்து, பேட்டரி, வயர் என்று வழியில் தொலைந்தது போக நமக்குக் கொடுப்பதும் அவ்வளவுதான். ஒரு வாளி வெந்நீருக்காக ஒரு பேனல், ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டரா? பழைய தகரமும் ஜன்னல் கண்ணாடியும் செய்கிற வேலை அது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, வேண்டாத வெயிலை வீட்டுக்குள் விடாமலிருப்பது. உங்கள் வீட்டுக் காங்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு வைத்த பிறகுதான் கீழே இறக்க ஆரம்பிக்கும். வெளியே கடல் காற்று வந்து திண்ணை குளிர்ந்த பிறகும், கூடத்தில் ஃபேன் அனலையே சுற்றிச் சுற்றி அடிப்பது அதனால்தான். இதற்கு ஏசி வைப்பது, மாடியில் எரிகிற அடுப்பை அணைக்காமல் கீழே விசிறிக்கொண்டு நிற்கிற கதை.

பாதி மாடிக்கு மட்டும் வெள்ளையடி. பாதி என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கூடத்துக்கு மேலே அடி, படுக்கையறைக்கு மேலே அப்படியே விடு. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள். கொரோனா சமயத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அது ஆகாது. உடம்புச் சூட்டுக்கு மட்டும் செய்தது அது. பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் வகையைக் கேட்டு வாங்கு. மத்தியானம் இரண்டு மணிக்கு மாடித் தரையில் இரண்டு பக்கமும் அளந்து எழுது. இரவு ஒன்பது மணிக்குக் கீழே நின்று இரண்டு அறைகளின் கூரையையும் அளந்து எழுது. சித்திரை வெயிலில் வெறும் காங்கிரீட் 60 டிகிரியைத் தொடும், வெள்ளையடித்த பக்கம் அதைவிட நன்றாகவே குறைந்திருக்கும். அறைக் காற்றில் இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலும் தூக்கம் வரும். பளபளக்கும் தகரத்தை மட்டும் அந்தக் கருவியால் அளக்காதே. அது பொய் சொல்லும். அளக்க வேண்டுமென்றால் மேலே கருப்பு டேப் ஒட்டிவிட்டு அளந்து பார்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. எதுவானாலும் நீற்றாத சுண்ணாம்பாக வாங்கினால் நீரில் போட்டதும் கொதிக்கும், தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடி போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியை விட்டுவிட்டு இரும்பு ட்ரம்மில் ஊற வை. மறுநாள் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, தரையை நனைத்துவிட்டு, வெயில் தாழ்ந்த நேரத்தில் இரண்டு கை அடி. ஒரு வருஷம் உழைக்கும். பாசியும் தூசியும் படிந்தால் வெள்ளை வெள்ளையாக இராது, ஆகவே வருஷா வருஷம் பங்குனியில் இது ஒரு சடங்கு என்று வைத்துக்கொள். கூல் ரூஃப் பெயிண்ட் என்று கடையில் விற்பது இதே வேலையைக் கூடுதல் நாள் செய்யும், விலையும் கூடுதல். அடித்த பிறகு பெய்யும் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதே.

அடுத்தது மேற்குச் சுவர். நம் ஊரில் சூரியன் சித்திரை முதல் வாரத்தில் உச்சிக்கு வந்து, அப்புறம் ஆவணி வரை வடக்குச் சாய்வாகத்தான் போகிறது. கோடையில் தெற்குச் சுவரைப் பற்றிக் கவலையே வேண்டாம். சாயங்காலம் சாய்வாக வந்து அடிக்கும் வெயில்தான் எதிரி. அந்தச் சுவருக்கு ஒரு முழம் தள்ளிப் பந்தல் கட்டிக் கோவைக்கொடி ஏற்றிவிடு. கொடியைச் சுவரிலேயே ஒட்டிப் படர விட்டால் ஈரம் சுவருக்குப் போகும், இடைவெளியில் காற்றும் ஓடாது.

சோலாரில் ஃபிரிட்ஜ், ஏசி ஏதாவது கையாலேயே செய்ய முடியுமா என்று கேட்டிருந்தாய். 1878-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அகஸ்டின் மூஷோ என்ற கணக்கு வாத்தியார் பெரிய கூம்புக் கண்ணாடியில் வெயிலைக் குவித்து, நீராவி எழுப்பி, அதைக்கொண்டு ஐஸ் கட்டியே செய்து காட்டினார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள், பதக்கமும் கிடைத்தது. நிலக்கரி மலிவானதும் பிரெஞ்சு அரசு அவரைக் கைவிட்டுவிட்டது. வெயிலில் ஐஸ் செய்ய முடியும் என்பது ஆக ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனால் அந்த முறைக்கு அமோனியா வேண்டும். அழுத்தத்தில் அடைத்த அமோனியா கசிந்தால் மூச்சும் கண்ணும் போய்விடும். வீட்டு மாடியில் விளையாடுகிற சரக்கு அது இல்லை. ஏர்கூலரும் உனக்கு உதவாது. தண்ணீர் ஆவியாகும்போது குளிர்வதுதான் அதன் வித்தை. மதுரை, வேலூர்ப் பக்கத்துக் காய்ந்த காற்றில் அது நடக்கும். உங்கள் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் தளும்புகிறது, கூலர் வைத்தால் புழுக்கம்தான் கூடும். ஆக உனக்கான கூலிங் திட்டம் சுண்ணாம்பும் பந்தலும்தான். இதைப் போட்டிக்கு அனுப்பினால் பரிசு கிடைக்காது என்று எனக்கும் தெரியும்.

சரி, சூட்டுக்கு வருவோம். மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது என்று உன் அம்மா கோடை முழுக்கத் திட்டுகிறாளே, அந்தச் சின்டெக்ஸ் டாங்க்தான் உங்கள் வீட்டின் முதல் சோலார் வாட்டர் ஹீட்டர். கருப்பு நிறம், வெயில், தண்ணீர். இதற்கு மேல் நீ சேர்க்க வேண்டியது கண்ணாடியும் காப்பும் மட்டும்தான். பழைய இரும்பு ட்ரம்முக்கு மங்கலான கருப்புப் பெயிண்ட் அடித்து, தெர்மோகோல் பதித்த பெட்டிக்குள் படுக்க வை. தெர்மோகோல் ட்ரம்மைத் தொடக் கூடாது, அதிக சூட்டில் உருகிவிடும். நடுவில் தென்னை நார் அடைத்துவிடு. மேலே கண்ணாடி. ட்ரம்மின் மேல்பக்கத்தில் காற்றுக்குழாய் ஒன்று எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். மூடிய பாத்திரத்தில் சூடேறும் தண்ணீர் வெடிகுண்டு. இறங்கி வரும் குழாய்க்குச் சாதா பிவிசி போடாதே, 60 டிகிரியில் இளகித் தொங்கும். சிபிவிசி போடு.

வீடியோக்களில் கருப்பு ட்ரிப் குழாயைச் சுருள் சுருளாகச் சுற்றி மாடியில் போட்டு வெந்நீர் எடுக்கிறார்களே, அதைப் பற்றியும் கேட்டாய். 16 மில்லிமீட்டர் குழாய் 100 மீட்டர் வாங்கினாலும் உள்ளே நிற்பது 14 லிட்டர்தான். முதல் வாளி சுடும், அடுத்த வாளி பச்சைத் தண்ணீர். அம்மாச்சியின் முழங்காலுக்கு ஊற்ற அது போதும் என்றால் செய். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வெந்நீர் வேண்டியிருக்கும்போது வானம் மூடிக் கிடக்கிறது. வெயில் கொளுத்தும்போது யாருக்கும் வெந்நீர் வேண்டாம். தை, மாசி இரண்டு மாதத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நீ நிஜமாகவே கை வைக்க வேண்டியது உலர்த்தும் பெட்டியில். பட்டியலில் அது இல்லவே இல்லை. அம்மாச்சி மாடியில் பாய் விரித்து வத்தலும் வடகமும் போடுவதை நீ சோலார் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. வேதாரண்யம் உப்பளம் முழுக்க வேறென்ன? நம் பக்கத்தில் வெயிலுக்கு நிரந்தர வேலை ஈரத்தை எடுப்பதுதான். பாயில் போட்டால் காக்கை, தூசி, திடீர் மழை. பெட்டியில் இந்த மூன்றும் இல்லை.

நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் மரப்பெட்டி. அடியில் கருப்புத் தகரம், மேலே சாய்வாகக் கண்ணாடி. முன்பக்கம் கீழே இரண்டு விரல் அகலத்தில் நீளமாக ஒரு திறப்பு, பின்பக்கம் மேலே புகைபோக்கி மாதிரி ஒரு திறப்பு. இரண்டுக்கும் கொசுவலை. சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழிருந்து புதுக்காற்று தானாக உள்ளே வரும். வருகிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கீழ்த் திறப்பருகே பிடி. புகை உள்ளே இழுபட்டால் பெட்டி வேலை செய்கிறது. வாசலிலேயே நின்று சுழன்றால் மேல் திறப்பு போதவில்லை. புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் பெட்டியைச் சுடச்சுட வைக்கப் பார்க்கிறார்கள். உலர்த்துவதில் சூட்டைவிடக் காற்றோட்டம் முக்கியம். 50-லிருந்து 60 டிகிரிக்குள் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் மிளகாய் கறுக்கும், கத்தரி வத்தல் மேலே ஓடு கட்டி உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். தட்டுக்கு நைலான் வலை போடு. ஜிஐ வலை போட்டால் மோர் மிளகாயின் உப்பும் புளிப்பும் துத்தநாகத்தைத் தின்று, அது நம் வயிற்றுக்கு வந்து சேரும். முருங்கைக்கீரை, கறிவேப்பிலைக்கு நேர் வெயில் ஆகாது, பச்சை வெளுத்துவிடும். மேலே ஒரு கருப்புத் துணியை மூடிவிட்டுக் காய வை. கருவாட்டுக்கும் இதே பெட்டி நன்றாக இருக்கும், ஆனால் தனிப் பெட்டி செய். அம்மாச்சி ஒன்றும் சொல்லமாட்டாள், வடகத்தைச் சாப்பிடுகிறவர்கள் சொல்வார்கள்.

அடுப்பை நாலு வரியில் முடிக்கிறேன். கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயிலை அடைத்தால் தண்ணீர் கொதிக்கிற சூட்டைத் தாண்டும் என்பதை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஸ்விட்சர்லாந்தின் ஓராஸ் தெ சோஸ்யூர் அளந்துவிட்டார். மூஷோ ஐஸ் செய்த அதே 1878-இல் வில்லியம் ஆடம்ஸ் என்ற வெள்ளைக்காரர் பம்பாயில் கண்ணாடி அடுப்பில் சமைத்து, அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். இங்கே 1980-களில் அரசு மானியத்திலும் பெட்டி அடுப்பு வந்தது. நான் பார்த்தவரை அதில் பெரும்பாலானவை பரணில்தான் இருக்கின்றன. பருப்பு, முட்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு நன்றாக வேகும். ஆனால் நம் வீடுகளில் சமையல் காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடுகிறது, வெயில் அடுப்பு பத்து மணிக்குத்தான் கண் விழிக்கும். தாளிக்கவும் முடியாது, தோசையும் வராது. குவிகண்ணாடி டிஷ் செய்கிறேன் என்று மட்டும் கிளம்பாதே. வெயில் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கீழே போனால் துணிக்கொடி எரியும், குனிந்து பார்த்தால் கண். அதைப் பெரிய அளவில் ஒழுங்காகச் செய்தது ஆரோவில்லில் இருக்கிறது. மாடியில் 15 மீட்டர் விட்டத்தில் கண்ணாடிக் கிண்ணம் அசையாமல் நிற்கும், வெயிலை வாங்கும் தண்டுதான் சூரியனைத் தேடி நகரும். அதில் வரும் நீராவியில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கலாம். விடுமுறையில் வா, கூட்டிப் போகிறேன்.

இனி நீ ஆசைப்படும் கரண்ட். உன் ஆசைக்குக் காரணம் எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நீ மெழுகுவத்தியில் படித்த நாட்கள். 'சோலார் போட்டுவிட்டால் இனி அந்தக் கஷ்டம் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். இங்கேதான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் மானியம் வாங்கி மாடியில் போடுகிறார்களே, 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000, அது பெரும்பாலும் பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் வகை. தெருவில் கரண்ட் போனால் அந்த இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் உன் ஃபேன் சுற்றாது. அது பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உன் பேனல் கரண்ட் தெருக் கம்பிக்குப் போனால், கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் செத்துப்போவார்.

அந்தத் திட்டம் கெட்டது என்று சொல்லவில்லை. 1 கிலோவாட் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும். ஏசி ஓடும் வீட்டுக்குக் கணக்கு நன்றாக வரும். உங்களுக்கு முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், பில்லும் சின்னது. உன் அப்பா அவசரப்பட வேண்டியதில்லை. போட்டாலும் பதிவுபெற்ற ஆட்களை வைத்துத்தான் போட வேண்டும், அது நீ கை வைக்கிற வேலை இல்லை.

நீ செய்ய வேண்டியது புயலுக்கான சின்ன செட். ஒரு 12 வோல்ட் பிஎல்டிசி ஃபேன், இரண்டு எல்இடி பல்பு, ஃபோன் சார்ஜர். ஃபேன் 30 வாட், இரவு எட்டு மணி நேரம், 240 வாட்-அவர். பல்பும் சார்ஜரும் சேர்த்து 100. மொத்தம் 340. இதற்கு 150 வாட் பேனலும், 12 வோல்ட் 50 ஆம்பியர்-அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியும், நடுவே ஒரு சார்ஜ் கன்ட்ரோலரும் போதும். எதை வாங்குமுன்பும் இப்படித்தான் செலவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். பேனலைப் பார்த்துவிட்டு அதில் என்ன ஓட்டலாம் என்று யோசிப்பவர்கள்தான் மூன்று மாதத்தில் பேட்டரியைக் கொன்றுவிட்டு சோலாரைத் திட்டுகிறார்கள்.

பேனலை நீயே செய்யாதே. செல் ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத தகடு. கம்பெனியில் அதைக் கண்ணாடிக்கும் பின்தாளுக்கும் நடுவே வைத்துக் காற்றை உறிஞ்சி, சூட்டில் ஒட்டுகிறார்கள். நீ சிலிக்கான் பசை போட்டு மூடினால் ஒரு ஐப்பசி மழை தாங்காது, ஈரம் புகுந்து பற்றவைத்த இடமெல்லாம் பச்சை பூக்கும். கற்றுக்கொள்ள ஒரே ஒரு செல் வாங்கு. மல்டிமீட்டரில் வை, 0.6 வோல்ட் காட்டும். விரலால் பாதியை மறை. வோல்ட் அவ்வளவாக இறங்காது, ஆம்பியர் சரிந்துவிடும். பேனலில் எல்லாச் செல்களும் தொடராக இருப்பதால், ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு செல்லில் விழுந்தாலே அந்த வரிசையே படுத்துவிடும். எந்த இடம் என்று முடிவு செய்யுமுன் காலை ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கு மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸில் கோடு போட்டுப் பார். தெற்கு பார்த்து 10, 12 டிகிரி சாய்வு. அவ்வளவு சாய்ந்தால்தான் மழைத் தண்ணீர் தூசியையும் கழுவிக்கொண்டு போகும்.

அக்னி நட்சத்திரத்தில் அதிகக் கரண்ட் வரும் என்று எதிர்பார்க்காதே. பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். 65 டிகிரியில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. அதனால் தரையோடு ஒட்டிப் போடாமல் அடியில் காற்றுப் போக ஒரு அடி விடு.

வயரில் கஞ்சத்தனம் பண்ணாதே. 10 ஆம்பியர், 10 மீட்டர் தூரம், 2.5 ஸ்கொயர் வயர் என்று வை. போக வர 20 மீட்டர். ஒன்றரை வோல்ட் வயரிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் ஒன்றரை போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது எட்டில் ஒரு பங்கு. பேட்டரியைப் பேனலுக்குப் பக்கத்தில், நிழலில் வை. தடிமனான வயர் போடு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். வீட்டு எம்சிபியைப் பிடுங்கி இங்கே மாட்டாதே. மாறு மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணையும். நேர் மின்னோட்டத்தில் பொறி இழுத்துக்கொண்டே நிற்கும், பிளாஸ்டிக் தீப்பிடிக்கும். டிசி என்று எழுதியதை மட்டும் வாங்கு. இணைக்கும்போது கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரியில் கை வைக்குமுன் வளையல், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி அம்மாவிடம் கொடு. 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் இரண்டு முனைக்கும் நடுவே வளையல் விழுந்தால் நொடியில் பழுத்துவிடும், கையோடு.

பேனலை நாலு செங்கல் வைத்து நிறுத்தாதே. கஜாவில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்தது. போல்ட் போட்டு இறுக்கு, அதையும் கழற்றக்கூடிய போல்ட்டாகப் போடு. புயல் எச்சரிக்கை வந்ததும் ஸ்பேனரை எடுத்துப் பேனலைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து சாய்த்து வை. காற்று நின்ற மறுநாள் திரும்ப மாட்டினால் ஃபேன் சுற்றும், ஃபோன் சார்ஜ் ஆகும். சின்ன செட்டின் லாபமே அதுதான். மூன்று கிலோவாட் போட்டவர்கள் அதைக் கழற்ற முடியாது.

பேட்டரிக்கும் பேனலுக்கும் நான் பணம் தருகிறேன். ஆனால் முதலில் பங்குனிக்குள் பாதி மாடிக்கு வெள்ளையடித்து, உலர்த்தும் பெட்டியையும் செய்து முடி. ஒரு வாரம் பகல் இரண்டு மணி, இரவு ஒன்பது மணி அளவுகளையும், பெட்டிக்குள் இருந்த டிகிரியையும் நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் பணம் வரும். மாடியில் வேலை செய்யும்போது வீட்டில் ஒரு ஆள் இருக்கட்டும், தலையில் துண்டு கட்டிக்கொள்.

அன்புடன்,
மாமா